முசலிக்குப் போன பஸ்

அத்தாஉல்லா பெயர்ப் பட்டியலோடு வந்தபோது அஸ்மியா ஒரு கலியாண வீட்டுக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். அவன் அவளுடைய தங்கை முஃப்லிஹாவின் கணவன்.

“என்ன மச்சி, அழுறீங்க?”

“உங்களக் கண்ட சந்தோசம்.”

புத்தளத்தில், கனமூலைக்குப் பக்கத்திலிருந்த அந்தக் குடியிருப்பில் நாற்பத்தேழு பேருக்கு வாக்கு ஊரில் இல்லை. வீடு இங்கே, வேலை இங்கே, பிள்ளைகள் பிறந்ததும் இங்கே. வாக்கு மட்டும் தொண்ணூறாம் ஆண்டில் போர் விரட்ட விட்டுவந்த மன்னார் மாவட்டத்தில், முசலிப் பக்கத்தில் இருந்தது. அங்கே கிடக்கும் காணி கைவிட்டுப் போகக் கூடாதென்று யாரும் பதிவை மாற்றவில்லை. காட்டுப் பாதையால் போனால் கிட்டத்தான். அது அடைத்துக் கிடந்ததால் அனுராதபுரம், மதவாச்சி என்று அரை நாட்டைச் சுற்றிப் போக வேண்டும். அதனால் தேர்தல் வந்தால் பஸ் வரும். பஸ்ஸை அனுப்புகிறவர் எம்.பி. ஆள் சேர்க்கிறவன் அத்தாஉல்லா.

பஸ்ஸில் ஏற ஒரு வழக்கம் இருந்தது. “எம்.பி.க்குத்தானே?” என்று அத்தாஉல்லா கேட்பான். ஓம் என்றால் பெயருக்கு நேரே ஒரு சரி விழும்.

“எழுதட்டா மச்சி?”

“எழுதுங்க. வாறன்.”

“எம்.பி.க்குத்தானே?”

“இல்ல.”

பேனை நின்றது. இத்தனை தேர்தலில் அந்தப் பதிலை அவன் கேட்டதேயில்லை. விருப்பமுள்ளவர்கள் ஓம் என்பார்கள். விருப்பமில்லாதவர்கள் இன்ஷா அல்லாஹ் என்பார்கள். அல்லாஹ் நாடினால் என்ற அந்தச் சொல்லுக்குள் ஒரு பஸ் ஆட்கள் ஒளிந்துகொள்ள இடமிருந்தது. இரண்டு மாதத்துக்கு முன் நடந்த ஜனாதிபதித் தேர்தலில் பஸ் நிறைய இன்ஷா அல்லாஹ்வை ஏற்றிப் போய், பெட்டி திறந்தபோது பாதியைக் காணாமல் அவன் எம்.பி.யிடம் ஏச்சு வாங்கியிருந்தான். இந்த முறை ஒரு சட்டம் போட்டிருந்தான். இன்ஷா அல்லாஹ் செல்லாது. ஓம் மட்டும்தான்.

இப்போது அவனே சட்டத்தைத் தளர்த்தினான்.

“மச்சி, இன்ஷா அல்லாஹ்வாவது சொல்லுங்க. உங்களுக்கு மட்டும் எடுக்கிறன்.”

“அல்லாஹ்ட பேரச் சொல்லி உங்கட எம்.பி.க்குப் பொய் சொல்லணுமா?”

“எல்லாரும் சொல்றதுதானே?”

“எல்லாரும் அவருக்காக வீடு வீடாப் போகல்ல. நான் போனன்.”

உண்மைதான். போன பொதுத் தேர்தலில் எம்.பி.க்காக ஒவ்வொரு வாசலிலும் நின்றவள் அவள். “நல்ல மனிசன். நான் பொறுப்பு,” என்று சொன்னாள். அவள் கைச்சோறு தின்னாத வீடு அந்தக் குடியிருப்பில் இல்லை. எல்லாருக்கும் அவள் ராத்தா, மூத்த அக்கா. அவள் பேச்சு எடுபட்டது.

பிறகு நாடு கடன் கட்ட முடியாமல் வங்குரோத்தானது. கேஸ் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை. கலியாணங்கள் தள்ளிப்போயின. நடந்த கலியாணங்களில் பணிசும் பிளேன்டீயும் கொடுத்தார்கள். அஸ்மியாவின் மூன்று சமையல் கிடாரங்களும் கவிழ்ந்து கிடந்தன. ஒன்றின் மறைவில் கோழி அடைக்குக் கிடந்தது. அவள் சிலிண்டரை உருட்டிக்கொண்டு போய்ப் புத்தளத்தில் நான்கு நாள் வரிசையில் நின்றாள். முன்னும் பின்னும் நின்ற பெண்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். “ராத்தா, நீங்கதானே பொறுப்பு?” பகிடியாகத்தான் கேட்டார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

எம்.பி.யைத் தேடிப் போனாள். அவர் ஜீப்பை விட்டு இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கினார். நாட்டை இந்த நிலைக்குக் கொண்டுவந்த எல்லாவற்றுக்கும் பாராளுமன்றத்தில் ஏன் கை உயர்த்தினீர்கள் என்று கேட்டாள்.

“உயர்த்தச் சொன்னாங்க, உயர்த்தினன்,” என்றார் அவர். “அதெல்லாம் பெரிய விசயம் ராத்தா, எனக்கே விளங்காது. நீங்க ஸப்ர் செய்யுங்க.”

கண்ணாடி ஏறியது.

அவள் பொறுமை காத்தாள். இரண்டரை வருடம். தன் வாயால் வாங்கிக் கொடுத்ததைத் தன் கையால் திருப்பி எடுக்க அவளுக்கு ஒரு நாள்தான் கிடைக்கும். அந்த நாளுக்குப் போகும் பஸ்ஸின் கதவு அத்தாஉல்லாவின் கையில் இருந்தது.

“அப்ப பெயர வெட்டுறன்,” என்றான் அவன்.

“வெட்டுங்க. பஸ்ஸுக்குச் சாப்பாடு?”

அத்தாஉல்லா தலையைச் சொறிந்தான். ஒவ்வொரு தேர்தலுக்கும் பஸ்ஸுக்குச் சமைப்பது அவள்தான். “அத வழமை போல நீங்க செய்யுங்க. எம்.பி. அரிசி அனுப்புறார். கோழியும் அனுப்புறார்.”

“அவர்ட அரிசி வேணாம். அவர்ட சோத்தத் திண்டுட்டு அவருக்கு எதிராப் போட எனக்கு ஏலாது. வீட்டுக்கு ஒரு சுண்டு அரிசி எடுக்கிறன். மீனுக்கு எத்தாளைக் கரையில ஆள் இரிக்கு. எங்கட சோறு. கிடாரத்தோட நானும் ஏறுறன்.”

“கிடாரம் ஏறட்டும். நீங்க ஏற ஏலாது.”

“சரி,” என்றாள் அஸ்மியா, அடுத்த வெங்காயத்தை எடுத்தபடி.

வீட்டுக்கு ஒரு சுண்டு என்று கேட்டால் வீட்டுக்கு ஒரு விதமான அரிசி வரும். சம்பா வந்தது, நாட்டரிசி வந்தது, சிவப்புப் பச்சையரிசி வந்தது, என்ன அரிசியென்று கொடுத்தவருக்கே தெரியாத அரிசியும் வந்தது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரத்தில் வேகும். வேறொரு சமையல்காரி என்றால் கையெடுத்துக் கும்பிட்டுப் போயிருப்பாள். அஸ்மியா விடிவதற்கு முன் எழுந்து ஒவ்வொன்றாகப் போட்டு, பாரை மீனைப் பொரித்து இடையில் அடுக்கி, மூடியைச் சுற்றிக் கோதுமை மாவைக் குழைத்து ஒட்டினாள். இனி அதை உடைத்தால்தான் திறக்கலாம்.

காலை ஏழு மணிக்கு பஸ் வந்தது. சாரதி அல்பொன்சா சிலாபத்து ஆள். தமிழில் தொடங்கிச் சிங்களத்தில் முடிப்பவர். நாலு பேர் கிடாரத்தைத் தூக்கிக் கடைசி இருக்கைக்கு முன்னால் வைத்தார்கள். ஆட்கள் ஒவ்வொருவராக ஓம் சொல்லி ஏறினார்கள். அஸ்மியா ஏறக் காலை வைத்தபோது அத்தாஉல்லா படியில் நின்று கையை நீட்டி மறித்தான்.

“நீங்க இல்ல மச்சி.”

“ராத்தா ஏறாட்டி நானும் வரல்ல,” என்றது உள்ளேயிருந்து அவன் மனைவியின் குரல்.

“நீ சும்மா இரு.”

“வீட்டுல சும்மாதான் இரிக்கப் போறன். அடுப்பும் சும்மா இரிக்கும்.”

முஃப்லிஹா இறங்கினாள். அவளுக்குப் பின்னால் மீன்பிடிக்கிற ஹஸன் காக்கா, எல்லாருக்கும் மூத்தவர், எழுந்தார்.

“நீங்க எங்க காக்கா?”

“கிடாரத்த யாரு திறக்கிறது தம்பி? அவ கட்டின மூடிய நான் உடைக்க மாட்டன். பசியோட வாக்குச் சீட்டுல புள்ளடி போட்டா கை நடுங்கும். கோடு உங்கட எம்.பி.ட கட்டத்துக்கு வெளியால போயிரும்.”

ஒவ்வொருவராக எழுந்தார்கள். யாரும் கோபப்படவில்லை. இறங்கி, வேலியோரம் நின்று, வானத்தைப் பார்த்து மழை வரும் என்று பேசிக்கொண்டார்கள். அத்தாஉல்லா ஒரு மணித்தியாலம் பார்த்தான். நாற்பத்தாறு வாக்குக்கு ஒரு வாக்குப் போனால் போகட்டும் என்று மனதைத் தேற்றினான்.

“ஏறுங்க மச்சி. ஆனா பஸ்ஸுக்குள்ள அரசியல் கதைக்கப்படாது.”

“கதைக்கல்ல.”

அவள் கதைக்கவும் இல்லை. அதுதான் வினையாய்ப் போனது. நொச்சியாகமை தாண்டும்போது, முதல் தடவை வாக்குப் போடப் போகும் அஸ்கா திரும்பிக் கேட்டாள்.

“ராத்தா, நீங்க யாருக்கு?”

“என்னக் கதைக்க வேணாம் என்டிருக்கு, மகள்.”

“ஏன்?”

“அதையும் கதைக்க ஏலாது.”

பஸ் சிரித்தது. பிறகு அவளுக்குப் பதிலாகப் பஸ் கதைக்கத் தொடங்கியது. கடதாசி இல்லாமல் பள்ளிக்கூடத்தில் சோதனை நின்றுபோனதை அஸ்கா சொன்னாள். ‘படிச்சதெல்லாம் வீணாப் போச்சு’ என்றாள். ‘நீ படிச்சியா?’ என்று அவள் தாய் கேட்டாள். ஹஸன் காக்காவின் வள்ளம் மண்ணெண்ணெய் இல்லாமல் மூன்று மாதம் கரையில் கிடந்து, அதில் காகம் கூடு கட்டியது. எண்ணெய் வந்த பிறகும் குஞ்சு பறக்கும்வரை இன்னும் பத்து நாள் இருக்க வேண்டியதாயிற்று. யார் அதிக நாள் வரிசையில் நின்றது என்பதில் போட்டி வந்தது. வென்றவர் அல்பொன்சா. கண்ணாடியில் எல்லாரையும் பார்த்து அறிவித்தார்.

“நான் டீசலுக்கு ஒன்பது நாள். இந்த பஸ்ஸுக்குள்ளயே படுத்த. பொண்டாட்டி சோறு கொண்டாந்து பாத்துட்டுப் போற, ஆஸ்பத்திரிக்கு வாற மாதிரி. அனே, ஆறாவது நாள் அழுத.”

“ஏன், கவலையிலா?”

“இல்ல. குளிக்க இல்லதானே.”

அத்தாஉல்லா முன் இருக்கையில் நெளிந்தான். இத்தனைக்கும் அஸ்மியா ஒரு சொல் பேசவில்லை. யார் யாருக்குப் போடப் போகிறார்கள் என்று தெரிந்துகொள்ள அவனுக்குத் தோன்றிய வழி ஒன்றுதான். எழுந்து நின்றான்.

“நேரடியாக் கேக்கிறன். எம்.பி.க்குப் போடுற ஆக்கள் கை உயர்த்துங்க.”

அஸ்மியாவைத் தவிர எல்லாரும் உயர்த்தினார்கள். ஹஸன் காக்கா இரண்டு கையையும் உயர்த்தினார்.

“மெய்யா காக்கா?”

“உயர்த்தச் சொன்னீங்க, உயர்த்தினன்.”

ஜீப்புக் கண்ணாடிக் கதை தெரியாத ஆள் அந்தப் பஸ்ஸில் இல்லை. அனுராதபுரம் வரும்வரை சிரிப்பு அடங்கவில்லை. முஃப்லிஹா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அத்தாஉல்லா உட்கார்ந்தான். அவனுக்கு விளங்கிவிட்டது. எம்.பி.யின் பஸ்ஸில், எம்.பி.யின் டீசலில், எம்.பி.யைத் தோற்கடிக்கும் ஒரு கூட்டத்தை அவன் தானே கூட்டிக்கொண்டு போகிறான்.

மதவாச்சியில் அவன் சாரதியின் காதில் ஏதோ சொன்னான். பஸ் வீதியோரம் நின்றது.

“ரேடியேட்டர்,” என்று அறிவித்துவிட்டு அத்தாஉல்லா நண்பகல் லுஹர் தொழப் போனான். தொழுகை முடிந்த பிறகும் வரவில்லை. எதிரே ஒரு தேநீர்க் கடையில் அவன் தலை தெரிந்தது.

பன்னிரண்டரை ஆனது. ஒரு மணி ஆனது. வாக்குப்பதிவு நாலு மணியோடு முடியும். இன்னும் ஒன்றரை மணித்தியால ஓட்டம் இருந்தது. அஸ்மியா இறங்கி முன்னால் போனாள். எஞ்சின் மூடி திறந்திருந்தது. அல்பொன்சா எஞ்சினைத் தொடாமல் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

“என்ன பிழை?”

அவர் எஞ்சினைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். பொய் சொல்லப் பழகாத முகம். தாடையால் தேநீர்க் கடையைக் காட்டினார்.

“பிழை இல்ல அக்கே. மாத்தயா நிறுத்தச் சொன்ன. நிறுத்தின.”

அவள் வாய் வரை வந்ததை விழுங்கினாள். அந்த மனிதர் ஒன்பது நாள் பஸ்ஸுக்குள் படுத்தவர். அவரோடு சண்டை இல்லை. தேநீர்க் கடைக்குப் போய்ச் சத்தம் போடலாம். போட்டால் அவன் இன்னும் இறுகுவான். அவள் பஸ்ஸுக்குள் ஏறிப் போய்க் கிடாரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மாவுக்கட்டின் ஒரு சின்ன வெடிப்பால் வாசம் கசிந்துகொண்டிருந்தது. ஏலக்காயும் ரம்பை இலையும் பொரித்த மீனும். அவள் வெடிப்பைப் பார்த்தாள். அடைக்கவில்லை. விரலால் கொஞ்சம் பெரிதாக்கினாள்.

ஒன்றே முக்காலுக்கு அத்தாஉல்லா வந்து ஜன்னலடியில் நின்றான்.

“மச்சி, ஆக்கள் பசியில இரிக்காங்க. திறங்க. எல்லாரும் ஆறுதலாச் சாப்பிடட்டும். அதுக்குள்ள பஸ் சரிவரும்.”

நாற்பத்தேழு பேர் ஆறுதலாகச் சாப்பிட்டால் மூன்று மணியாகும். அது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

“வாக்குப் போட்ட பிறகுதான் திறக்கிறது.”

“இது என்ன புதுப் பழக்கம்? எந்த எலெக்சன்லயும் சாப்பாடு முன்னுக்குத்தானே?”

“அது அவர்ட சோறு. இது எங்கட சோறு.”

“பாவம், வயசான ஆக்கள்...”

அஸ்மியா பஸ்ஸைப் பார்த்துக் கேட்டாள். “நாலு நாள் நிண்ட ஆக்கள். இன்னும் ரெண்டு மணித்தியாலம் ஏலாதா?”

வாசம் பஸ் நிறைய நின்றது. ஒரு குழந்தை அழுதது. அதற்கு மட்டும் தாய் பிஸ்கட் கொடுத்தாள். ஹஸன் காக்கா பெருமூச்சு விட்டார். “ஏலும்,” என்றார். “ஆனா கெதியாப் போனா நல்லம்.”

ஏலாதவர் ஒருவர்தான். அல்பொன்சா ஜன்னலால் தலையை நீட்டினார்.

“அக்கே, எனக்கும் இருக்குதா?”

“பெரிய துண்டு வச்சிருக்கு. முசலியில தாறன்.”

டக்கென்று எஞ்சின் மூடி விழுந்தது. அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

“ரேடியேட்டர்?” என்று கத்தினான் அத்தாஉல்லா.

“சுகம், மாத்தயா! ஏறுங்க!”

பஸ் நகரும்போது அவன் ஓடி வந்து தொற்றினான். மூச்சு வாங்கி முடிவதற்குள் அவனுடைய தொலைபேசி அடித்தது. அழைத்தது எம்.பி.தான். பஸ்ஸில் எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

“ஓம் சேர்... வந்துகொண்டு இரிக்கிறம் சேர்... எல்லாரும் இரிக்காங்க... ஓம்... எல்லாம் எங்கட வாக்குத்தான்...” அவன் கண் மனைவியின் மேல் விழுந்தது. முஃப்லிஹா கையைக் கட்டிக்கொண்டு அவனையே பார்த்திருந்தாள். அவன் குரல் இறங்கியது. “இன்ஷா அல்லாஹ், சேர்.”

“அது செல்லாது!” என்று பின்னாலிருந்து நாலைந்து பேர் கூவினார்கள்.

மழை பிடித்தது. அல்பொன்சா துடைப்பானைப் போட்டுவிட்டு மிதித்தார். முருங்கனைத் தாண்டும்போது மூன்று ஐந்து. வாக்குச் சாவடி இருந்த பாடசாலைப் படலையில் நிற்கும்போது மூன்று முப்பத்தைந்து. எல்லாரும் இறங்கி ஓடினார்கள். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிய ஹஸன் காக்கா அஸ்காவை முந்தினார். கடமையிலிருந்த பொலிஸ்காரர் ஒரு கணம் பயந்து எழுந்து நின்றார்.

அஸ்மியா வரிசையின் கடைசியில் நின்றாள். எல்லாரையும் முன்னால் விட்டிருந்தாள். வரிசைக்கும் அவளுக்கும் பழைய பழக்கம். இந்த வரிசை நகர்ந்தது.

அட்டையைப் பார்த்தார்கள். விரலில் மை வைத்தார்கள். சீட்டை விரித்தபோது அது மேசையை விட நீளமாக இருந்தது. எம்.பி.யின் சின்னம் எங்கே இருக்கிறதென்று அவளுக்குத் தெரியும். போன முறை வீடு வீடாக விரல் வைத்துக் காட்டியது. அதன்மேல் விரலை வைத்தாள். ஒரு மூச்சு அங்கேயே நின்றாள். பிறகு விரலைக் கீழே இறக்கிக்கொண்டு போய், வேறொரு சின்னத்துக்கு நேரே புள்ளடி போட்டாள். அழுத்திப் போட்டாள்.

வெளியே வந்தபோது நாலு மணிக்கு ஆறு நிமிடம் இருந்தது. சாவடிக்கு எட்டத்தில், ஒரு வேப்ப மரத்தடியில், கிடாரத்தை இறக்கி வைத்துக்கொண்டு எல்லாரும் அவளுக்காக நின்றார்கள். யாரும் மூடியைத் தொட்டிருக்கவில்லை. அவள் கரண்டிக் காம்பால் மாவுக்கட்டை உடைத்தாள்.

அல்பொன்சாவுக்குப் பெரிய துண்டு போனது. அத்தாஉல்லா எட்ட நின்றான். இது அவனுக்கு உரிய சோறல்ல என்ற மாதிரி நின்றான்.

“உங்கட வீட்டுலயும் ஒரு சுண்டு வந்தது மச்சான்,” என்றாள் அஸ்மியா. “வாங்க.”

அவன் வந்தான். ஒரு பிடி தின்றான். இன்னொரு பிடி தின்றான்.

“இத்தன அரிசியப் போட்டு எப்படி மச்சி குழையாம எடுத்தீங்க?”

“ஒண்டு ஒண்டா, அது அதுட நேரத்துக்குப் போடணும்.”

அடுத்த நாள் பின்னேரம் முடிவு வந்தது. எம்.பி. தோற்றார். சாதாரணமாக அல்ல. விருப்பு வாக்குப் பட்டியலில் அவர் பெயரைத் தேட அஸ்கா தொலைபேசியை நெடுநேரம் உருட்ட வேண்டியிருந்தது. அந்தப் பஸ்ஸிலிருந்து அவருக்கு எத்தனை போனது, போகவேயில்லையா என்பது யாருக்கும் தெரியாது. கேட்டால் எல்லாரும் கை உயர்த்தினார்கள்.

மூன்று கிழமை கழித்துப் புதிய எம்.பி. குடியிருப்புக்கு நன்றி சொல்ல வந்தார். இளம் ஆள். ஜீப் இல்லை, முச்சக்கர வண்டியில் வந்தார். அவரை வழிகாட்டிக் கூட்டி வந்தவன் அத்தாஉல்லா.

“நீங்களா மச்சான்?” என்றாள் அஸ்மியா.

“வழி தெரியாம நிண்டார், மச்சி. பாவம்.”

கதிரை போட்டார்கள். அவர் நன்றாகப் பேசினார். ஊழல் இல்லை என்றார், கடனெல்லாம் கட்டுவோம் என்றார், அடைத்த பாதையைப் பற்றிப் பேசுவேன் என்றார். பெண்கள் அஸ்மியாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“ராத்தா, இவருக்கும் நீங்க பொறுப்பா?”

“இல்ல. இனி அவங்கவங்களுக்கு அவங்கவங்கதான் பொறுப்பு.”

அவள் எழுந்து முன்னால் போனாள்.

“நான் உங்களுக்குத்தான் போட்டன், தம்பி. உங்கட நம்பரத் தாங்க.”

அவர் சிரித்துக்கொண்டு சொன்னார். அவள் அங்கேயே நின்று அழுத்தினாள். பக்கத்தில் நின்ற உதவியாளரின் பையில் அடித்தது.

“இது அவர்ட. உங்கட பொக்கெட்டுல அடிக்கிறதத் தாங்க.”

அவர் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. பிறகு வேறொரு இலக்கத்தைச் சொன்னார். அவள் அழுத்தினாள். அவருடைய சட்டைப் பையில் ஒரு பாட்டு எழுந்தது. அவர் தலையாட்டினார், சரி, கேட்கிறது என்று. அவள் நிறுத்தவில்லை. தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு, அவரைப் பார்த்தபடி நின்றாள். பாட்டு முழுக்கப் பாடியது. குடியிருப்பு முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது.

கடைசியில் அவர் எடுத்துக் காதில் வைத்தார். இரண்டு பேருக்கும் இடையில் நாலடி தூரம்.

“ஹலோ,” என்றார்.

“நான் அஸ்மியா,” என்றாள் அவள். “சும்மாதான் எடுத்தன். நாளைக்கும் எடுப்பன்.”